ஆட்டுக்கு மேடு, எங்களுக்கு ஆறு

அமீரகத்தின் ராஸ் அல் கைமாவில் மேகம் கூடினால் ஊரே வாதிக்குக் கிளம்பும். வாதி என்றால் மலையிடுக்கில் ஓடும் ஆறு. ஓடும் என்பது மரியாதைக்குச் சொல்வது. வருடம் முழுக்க அங்கே கூழாங்கல்தான். என் ஊரான தஞ்சாவூர்ப் பக்கத்தில் வெள்ளம் வருகிறதென்றால் அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றுவார்கள். இங்கே புளியோதரையைக் கட்டிக்கொண்டு எதிர்கொண்டு அழைக்கப் போகிறார்கள்.

போன குளிர்காலத்தில் ஒரு விடுமுறை நாளில் நாங்களும் போனோம்: நான், மூன்று வயது மகள், குவாரியில் எஞ்சினியரான கணவர், அதே குவாரியில் எஞ்சினியரான அவர் நண்பர். அந்தப் பள்ளத்தாக்கில் நிலத்தைத் தெளிவாகப் பங்கு போட்டிருக்கிறார்கள். மலை, லாரிகளுக்கு: உடைந்து தூளாகி எங்கள் ஜன்னல்வரை வந்துவிடுகிறது. கரைமேடு, ஆடுகளுக்கு: கம்பி வேலி, தகரக் கூரை, தண்ணீர்த் தொட்டி, நாலு பேரீச்சை. நடு ஆறு காலி. ஏன் காலி என்று எஞ்சினியர்கள் இருவரும் யோசிக்கவில்லை. காரை அதில் இறக்கி, ஒரு முள்மரத்து நிழலில் பாயை விரித்தார்கள்.

மலை உச்சி கறுத்திருந்தது. மகள் கல் பொறுக்கியபடி தள்ளித் தள்ளிப் போனாள்.

"என்னங்க, மேல போயிடலாமே."

"இங்க ஒரு தூத்தல்கூட இல்லடி."

"மலையில பெய்யுதே."

நண்பர் சிரித்தார். "என்ன சிஸ்டர், தஞ்சாவூர்க்காரங்க தண்ணிக்குப் பயப்படலாமா?"

பயப்படலாமா என்று நானும் என்னையே கேட்டுக்கொண்டேன். காய்ச்சல் இல்லாத குழந்தைக்கு இரண்டு முறை தெர்மாமீட்டர் வைப்பவள் நான். என் பயத்துக்கு வீட்டில் மதிப்பில்லை, என்னிடமே இல்லை. ஒரு வாய் சாப்பிட்டேன். பிறகு மேட்டைப் பார்த்தேன். இவ்வளவு இடம் கிடந்தும் ஓர் ஆட்டுப்பட்டிகூட ஆற்றுக்குள் இல்லை. ஆட்டுக்குக் கிடைத்த மேடு என் மகளுக்குக் கிடைக்கக் கூடாதா? அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஏறினேன்.

"அப்பளம் நமத்துடும்டி, வா!" என்று கணவர் கீழேயிருந்து கத்தினார்.

பட்டி வேலியைப் பிடித்து நின்றபோது லாரி வருவதுபோல் சத்தம் கேட்டது. லாரி இல்லை. இருவரும் சாப்பாட்டை விட்டுவிட்டுக் காருக்குள் பாய்ந்தார்கள். சக்கரம் நனைய நனையக் கார் கரையேறியது. பின்னாலேயே வந்த செம்மண் தண்ணீர் பாயையும் புளியோதரையையும் நண்பரின் செருப்பையும் கொண்டுபோனது.

"மம்மி, லுக்! ரோடு இஸ் மூவிங்!" என்று மகள் கைதட்டினாள்.

மேலே வந்த கணவர் அவள் தலையைத் தடவினார். அதே கையால் போனை எடுத்து வெள்ளத்தைப் படம் பிடித்தார். "கரெக்டான லொகேஷன்ல நிக்கிறோம், பாத்தியா" என்றார்.

மகள் ஆட்டைத் தொட வேண்டுமென்று இறங்கத் துடித்தாள். அங்கிருந்து கிளம்பும்வரை நான் அவளைக் கீழே விடவில்லை.