பரம்பரைத் தொழில் என்ற கட்டம்

எங்கள் சமூகவியல் மேடம் என்னைப் பொய் எழுத வைத்தார். அந்தப் பொய்க்கு மார்க்கும் போட்டார். இருபதுக்குப் பதினெட்டு.

இதை நயமாகச் சொல்ல எனக்கு வராது. நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள். போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு அழைப்பிதழ் வந்தது. தாம்பரத்தில் நான் படித்த கல்லூரியில் கருத்தரங்கம், தலைப்பு பண்பாடும் முன்முடிவுகளும். அன்றைக்கு ஒரு களப்பணிக் கையேடு வெளியிடுகிறார்களாம். முன்னாள் மாணவியான என்னை மேடையேற்றிச் சால்வை போர்த்துவார்களாம். காரணம், அந்தக் கையேட்டில் மாதிரி அறிக்கை என்று அச்சாகியிருப்பது நான் இரண்டாம் ஆண்டில் எழுதியது. கையேட்டின் அட்டைப் படத்தையும் அனுப்பியிருந்தார்கள். தள்ளுவண்டியில் துணி தேய்க்கும் ஒரு பெண். கீழே ஒரு வரி: 'பரம்பரைத் தொழிலைக் கைவிடாத பெண்.'

அந்தப் பெண் என் அம்மா. மேடத்துக்கு அது போன திங்கட்கிழமை வரை தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டவள் நான்தான். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

படத்தில் இஸ்திரிப் பெட்டி மூடி திறந்திருக்கிறது. உள்ளே கங்கு. பார்த்ததும் மூக்கில் கரி நெடி ஏறிவிட்டது. கரியும், தண்ணீர் தெளித்த கஞ்சிப் புடவையும் சேர்ந்த நெடி. எங்கள் வீட்டில் சோறு, தலையணை, என் கல்லூரித் துப்பட்டா எல்லாவற்றிலும் அது இருந்தது. அதை மறைக்க கேம்ப் ரோடு ஃபேன்சி ஸ்டோரில் மல்லிகை சென்ட் வாங்கி அடித்துக்கொள்வேன். ரஹமத் மட்டும் தினம் கேட்பாள், "ஏன்டி, யாரோ மல்லிப்பூவ கொளுத்திவுட்ட மாதிரி வர்ற?"

ரஹமத் என் பக்கத்து சீட். அவள் அப்பா சேலையூரில் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்பவர். என் வீடு எங்கே என்று வகுப்பில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். மற்றவர்களிடம் சேலையூர் என்று பொதுவாகச் சொல்லி வைத்திருந்தேன். வாய்க்கால் ஓரத்துத் தகரக் கூரை வரிசை என்று சொல்லவில்லை. பஸ் கல்லூரி நிறுத்தத்துக்கு வருவதற்குள் வாயில் இருக்கும் 'கீது' எல்லாவற்றையும் 'இருக்கு' ஆக்கிக்கொள்வேன். ஒருநாள் மேடமே பாராட்டினார், "உன் பேச்சு எவ்ளோ டீசன்ட்டா இருக்கு." அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை. இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

முன்முடிவு என்றால் என்ன என்று மேடம் பாடம் எடுத்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஒரு கூட்டத்தைப் பற்றி விசாரிக்காமலே நாம் எடுக்கும் முடிவு என்று போர்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். திரும்பி, "ரஹமத், உங்க வீட்ல வாரத்துல எத்தனை நாள் பிரியாணி?" என்றார்.

"நேத்து கஞ்சி மேடம். இன்னிக்கு ரசம். பிரியாணின்னா அப்பா கடையில வாங்கிட்டு வருவாரு. எங்க அம்மாவுக்குச் செய்ய வராது."

வகுப்பே சிரித்தது. மேடமும் சிரித்தார். "அப்ப நீ விதிவிலக்கு" என்றார்.

அந்த வகுப்பில் நிறைய பேர் விதிவிலக்கு ஆனோம். கிறிஸ்தவப் பையன் ஒருவனுக்குப் பாட வராது, அவன் விதிவிலக்கு. மேடத்தின் விதி மட்டும் அப்படியே இருந்தது.

அப்புறம் களப்பணி வந்தது. ஆளுக்கொரு படிவம். உணவு, உடை, பேச்சு, பரம்பரைத் தொழில், மூடநம்பிக்கை என்று கட்டங்கள். மேடத்துக்கு ஒரே நிபந்தனை. "எந்தக் கட்டமும் காலியா இருக்கக்கூடாது. காலியா விட்டா ஒரு மார்க் போச்சு." இன்றைக்கு நான் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறேன். வேலைக்கு வருபவர்கள் படிவத்தில் ஒரு கட்டத்தை விட்டுவிட்டால் எனக்குக் கை பரபரக்கும். நல்ல பயிற்சி.

எந்த இடத்துக்குப் போகிறோம் என்று முந்தின நாள்தான் சொன்னார்கள். எங்கள் வாய்க்கால் ஓரம். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "நாளைக்கு எங்க காலேஜ்ல வராங்க. என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத" என்றேன்.

"ஏன்டி, நான் இன்னா திருடியா?"

"இல்லம்மா. மார்க்கு."

மார்க்கு என்றால் அம்மா வாயை மூடிக்கொள்வாள். எனக்கு அது தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

மறுநாள் ஷேர் ஆட்டோக்களில் போய் இறங்கினோம். சாலையும் எங்கள் வரிசையும் சேரும் முனையில் அம்மாவின் வண்டி. ஒரு பையன் இறங்கியதும் இறங்காததுமாக ஒரு வீட்டு வாசலில் எலுமிச்சம்பழம் தொங்குவதைப் பார்த்து மூடநம்பிக்கைக் கட்டத்தை நிரப்பிவிட்டான். எங்களை ஏற்றிவந்த ஆட்டோவின் முன்னாலும் ஒரு பழம் தொங்கியது. அதை யாரும் எழுதவில்லை.

மேடம் போனில் அம்மாவை ஒரு படம் எடுத்துக்கொண்டு கேட்டார், "எத்தனை தலைமுறையா இந்தத் தொழில் பண்றீங்க?"

"தலைமுறையா? நாலு வருஷம் மேடம். அதுக்கு முன்னாடி குரோம்பேட்ட பக்கம் ஷூ கம்பெனில மெஷின் தைச்சுகினு இருந்தேன். கம்பெனிய மூடிட்டான்."

"அது சரி. உங்க அப்பா, தாத்தா எல்லாம் சலவைதானே?"

"எங்கப்பாரு தாம்பரம் ஸ்டேசன்ல மூட்ட தூக்கனவரு. பக்கத்து வூட்டு அக்கா ஊருக்குப் போறப்ப இந்த வண்டியக் குடுத்துட்டுப் போச்சு. மொத மாசம் நாலு சட்டைய கருக்கிட்டேன், போங்க."

அம்மா சிரித்தாள். எங்களில் இரண்டு மூன்று பேரும் சிரித்தோம். மேடம் எங்கள் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்துச் சொன்னார், "இந்த மாதிரி ஆளுங்க வெளிய சொல்ல மாட்டாங்க, கூச்சப்படுவாங்க. எழுதிக்கோங்க. பரம்பரைத் தொழில், சலவை."

குரலைத் தணித்தாரே தவிர அம்மாவுக்குக் கேட்டது. அம்மா மேடத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று இருந்திருப்பாள். ரஹமத் என் விலாவில் முழங்கையால் இடித்தாள். நான் குனிந்து எழுதினேன். பரம்பரைத் தொழில்: சலவை. கையெழுத்து வேறு அழகாக இருந்தது.

ரஹமத் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டாள். அவளுக்கு ஒரு மார்க் போனது.

சாயங்காலம் வீட்டில் அம்மா சத்தம் போடவில்லை. தட்டு வைத்தாள், சோறு போட்டாள். "அந்தம்மாவுக்குத் தெரியாது, எழுதச் சொல்லிச்சு. நீயும் எழுதிக்கினியேடி" என்றாள். அவ்வளவுதான். நான் சாப்பிட்டேன். அதுதான் என் லட்சணம்.

சலவைத் தொழில் கேவலம் என்று நான் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். வண்டியைக் கொடுத்த அக்கா வீட்டில் வழிவழியாக அதுதான் வேலை. அம்மாவுக்குத் தேய்க்கச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். என் கோபம் வேறு. அம்மா பதினோரு வருஷம் கம்பெனியில் ஷூவின் மேல்தோல் தைத்தவள். கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு மின்சார ரயில் ஏறியவள். பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருப்பவர் காலைப் பார்த்து என் காதில், "அந்தத் தையலப் பாரு, கோணிக்கினு போவுது. நானா இருந்தா பிரிச்சுட்டுத் திரும்பத் தச்சிருப்பேன்" என்பாள். கம்பெனி மூடியதும் நாற்பது வயதுக்கு மேல் வேறொரு வேலையைப் புதிதாகக் கற்றுக்கொண்டாள். கையெல்லாம் சூடு. இத்தனையையும் ஒற்றைச் சொல்லில் அடித்துவிட்டுப் பிறவியிலேயே இஸ்திரிப் பெட்டியோடு வந்தவள் மாதிரி எழுதியாயிற்று. எழுதியவள் பெற்ற மகள்.

திங்கட்கிழமை மேடத்துக்கு போன் செய்தேன். அறிக்கையில் தவறு இருக்கிறது என்றேன்.

"அவ்ளோ நல்ல ரிப்போர்ட்மா அது. எல்லாக் கட்டமும் ஃபில் பண்ண ஒரே ஆள் நீதான்."

"அந்தப் படத்துல இருக்கறது எங்க அம்மா மேடம்."

"அப்படியா! அப்ப இன்னும் நல்லதாப் போச்சு. அவங்களையும் கூட்டிட்டு வா, அவங்களுக்கும் ஒரு சால்வை போட்டுடலாம்" என்றார். திருத்த முடியாதா என்று கேட்டேன். "அச்சாயிடுச்சேம்மா. சின்ன விஷயம்தானே."

அம்மாவிடம் அட்டைப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "போட்டோ நல்லாத்தான் கீது. பரம்பரைன்னு போட்டுகிறாங்களே, எந்தப் பரம்பரையாம்?" என்றாள்.

வாய்க்கால் ஓரம் இப்போது காலி. வாய்க்காலை அகலப்படுத்த வேண்டும் என்று தகர வரிசை முழுவதையும் எடுத்துவிட்டார்கள். ஆளுக்கொரு திசையாக அடுக்குமாடிகளுக்கு அனுப்பினார்கள். எங்களுக்கு நான்காவது மாடி. தள்ளுவண்டியை அங்கே எங்கே நிறுத்துவது? பழைய இரும்புக்குப் போட்டோம். வாடிக்கையாக அம்மாவிடம் துணி கொடுத்த காலனியில் தனி வீடுகளை இடித்து ஃபிளாட் கட்டிவிட்டார்கள். வாசலில் செக்யூரிட்டி, யாரைப் பார்க்கணும் என்கிறான். துணி எடுக்க லாண்டரி கம்பெனி வேன் வருகிறது. குரோம்பேட்டைக் கம்பெனி இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். அம்மாவின் அடையாள அட்டை வீடு மாற்றியதில் தொலைந்துவிட்டது. அவள் அங்கே தைத்தாள் என்பதற்கு இனி ஒரு காகிதமும் கிடையாது. தைக்கவே இல்லை என்பதற்குத்தான் இருக்கிறது. என் கையெழுத்தில், கையேடாக.

மேடம், கருத்தரங்குக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். முன் வரிசையில் உட்கார்வாள். நான்தான் முதலில் பேசுவேன். மார்க்குக்காகப் பெற்ற தாயைப் பற்றிப் பொய் எழுதினேன் என்று என் பெயரைச் சொல்லி ஒப்புக்கொள்வேன். அடுத்து நீங்கள். நாலு வருஷம் என்று அவள் சொன்னது உங்கள் காதில் விழுந்தது. வகுப்பு முழுவதன் காதிலும் விழுந்தது. விழுந்த பிறகும் ஏன் மாற்றி எழுதச் சொன்னீர்கள்? எனக்குத் தனியாக போனில் சொல்ல வேண்டாம். அந்தக் கையேட்டைப் படிக்கப்போகும் பிள்ளைகள் அத்தனை பேர் முன்னாலும், என் அம்மாவின் முகத்தைப் பார்த்து, மைக்கில் பதில் சொல்லுங்கள்.