எரியாத நல்ல பல்பு

எரிந்துபோன பல்பைக் காதோரம் வைத்து ஆட்டினால், உள்ளே அறுந்த கம்பி கண்ணாடியில் பட்டு மெல்லக் கிணுகிணுக்கும். நல்ல பல்பு எவ்வளவு ஆட்டினாலும் வாயே திறக்காது. மலாயாவின் அவசரகாலத்தில், கெர்லிங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், சின்னப் பெண்ணாக இருந்த எனக்கு அப்பா காட்டிய வித்தை அது.

தொழிலாளர் குடியிருந்த லயங்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து முள்கம்பி வேலிக்குள் எங்களை அடைத்திருந்த காலம். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்ட்டுகளுக்கு யாரும் அரிசி கொடுத்துவிடக் கூடாதென்று வேலி நெடுகத் தூண் நட்டு விளக்குப் போட்டிருந்தார்கள். அவற்றுக்குக் கரண்டு கொடுத்த இஞ்சினை ஓட்டியவர் என் அப்பா. 'இஞ்சின்காரர்' என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். ஒரு விளக்கு மினுக்கினாலும் எனக்குச் சோறு இறங்காது. அடுத்த லயத்து ஆள் ஒருவரைச் சந்தேகத்தில் பிடித்துக்கொண்டு போய், குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேற்றியிருந்தார்கள். இந்தியா எந்தப் பக்கம் இருக்கிறதென்றே எனக்குத் தெரியாது.

ஒரு தடவை 'ஸ்டோரு'க்கு வந்ததெல்லாம் நூறு வோல்ட் பல்பு. எங்கள் இஞ்சினோ இருநூறு வோல்ட். அப்பா இஞ்சின் கொட்டகைக் கதவில் சாக்கட்டியால் கணக்குப் போட்டார். நூறு வோல்ட்டில் அந்தப் பல்புக்குள் ஒரு ஆம்பியர் ஓடும். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை நூறு ஓம், இரண்டையும் பெருக்கினால் பவர் நூறு வாட். அதையே இருநூறில் மாட்டினால் ஆம்பியர் இரண்டு, பவர் நானூறு, பல்பு தாங்காது. ஆகவே ஒரு பல்புக்குள் போன கரண்டே அடுத்த பல்புக்குள்ளும் போகிற மாதிரி, இரண்டிரண்டாகச் சேர்த்து வயர் இழுத்தார். தடை இருநூறு ஆகிவிடும், ஆளுக்கு நூறு வோல்ட் கிடைக்கும்.

வாய்ப்பாடு எனக்குத் தலைகீழ்ப் பாடம்தான், ஆனாலும் வோல்ட் இரண்டு மடங்கானால் வாட் எப்படி நாலு மடங்காகும் என்பது மட்டும் விளங்கவில்லை. "வோல்ட்டு ஏறுறப்ப ஆம்பியரும் கூடவே ஏறுதுல்ல புள்ள, ரெண்டையும் ரெண்டையும் பெருக்கு" என்றார் அப்பா. பெருக்கினேன், நாலு வந்தது. விளங்கியது போலத் தலையாட்டி வைத்தேன்.

ஒரு சாயங்காலம், காட்டுப் பக்கம் அடுத்தடுத்த இரண்டு விளக்குகள் சேர்ந்தாற்போல் அணைந்துபோயின. ஊரடங்கில் வேலிப் பக்கம் யாரும் போக முடியாது. காலையில் வெள்ளைக்காரப் போலீஸ் தொரை இரண்டையும் கழற்றச் சொன்னார். ஒன்று கிணுகிணுத்தது, மற்றது சத்தம் போடவில்லை. அதை நேராக இருநூறு வோல்ட் வருகிற ஆபீஸ் விளக்கில் மாட்டிப் பார்த்தார். கண் கூசுகிற மாதிரி எரிந்து 'டப்'பென்று போனது. எரிந்ததல்லவா, அப்படியானால் அது நல்ல பல்பு.

"நல்ல பல்பு ராத்திரி ஏன் எரியலன்னு தொரை கேக்குறாரு" என்றார் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. அப்பா வோல்ட், ஆம்பியர் என்று ஆரம்பித்தார். கிராணிக்கு அதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. "கணக்கெல்லாம் வேணாம்யா, யாரு கழட்டி விட்டது, அதச் சொல்லு" என்றார். அப்பாவை வாசல் 'கேட்டு'ப் பக்கத்துப் போலீஸ் கொட்டகையில் உட்கார வைத்துவிட்டார்கள்.

அம்மா ஜெபமாலையை உருட்டிக்கொண்டே துணிகளை மூட்டை கட்டத் தொடங்கினாள். நான் இஞ்சின் கொட்டகைக் கதவின் முன்னால் நின்று கணக்குப் போட்டேன். எங்கள் வீட்டில் ஒருவர் சாப்பிடாவிட்டால் அவர் பங்கு அரிசி அடுத்தவருக்கு வரும். செத்த பல்பு ஒன்றும் தின்னாது. அப்படியானால் அதன் பங்கும் நல்ல பல்புக்குத்தானே வந்திருக்க வேண்டும்? எப்படிப் போட்டாலும், என் கணக்கில் அந்தப் பல்பு எரிந்திருக்க வேண்டும். அப்பாவே கழற்றியிருப்பாரோ? யாருக்காக?

பொழுது சாய்ந்து விளக்குகள் வந்தன. காட்டுப் பக்கம் இருட்டாக இருக்கக் கூடாது, கேட்டுப் பக்கத்திலிருந்து இரண்டைக் கழற்றி அங்கே மாட்டு என்று தொரை உத்தரவு போட்டார். எங்கள் லயத்துப் பையன் மாணிக்கம், அப்போது 'எஸ்.சி.' என்கிற ஸ்பெஷல் கான்ஸ்டபிள், கையில் துணி சுற்றிக்கொண்டு ஏணியில் ஏறி ஒன்றைத் திருகினார். அடுத்த தூணிலும் விளக்கு அணைந்தது. "ஐயா, நான் அதத் தொடவே இல்லலா" என்று பதறிப்போய்த் திருப்பி மாட்டினார், இரண்டும் எரிந்தன. தொரை மறுபடி கழற்றச் சொன்னார், மறுபடி மாட்டச் சொன்னார். "மாணிக்கம், தொரைக்கு வித்தை காட்டுறியாடா?" என்று லயத்து வாசலிலிருந்து யாரோ கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, இன்னும் குழம்பித்தான் நின்றேன்.

தொரை கிராணியிடம் ஏதோ சொன்னார். கிராணி அப்பாவிடம், "சரி, வீட்டுக்குப் போ" என்றார். அவ்வளவுதான்.

அப்பா சாப்பிடும்போது, செத்த பல்பின் தடை எத்தனை ஓம் என்று கேட்டேன். "அதுக்கு எண்ணே கிடையாது புள்ள. கம்பி அறுந்தா வழியே இல்ல, ரெண்டுக்கும் சேத்துத்தான். ஆம்பியர் சைபர். இப்பப் பெருக்கு." இருநூறைச் சைபரால் பெருக்கினேன். விடையும் சைபர், சரியாக வந்தது. அம்மா மூட்டையை மட்டும் வெகுநாள் அவிழ்க்கவில்லை. அடுத்த வருஷம் நான் பள்ளிக்கூடத்தை விட்டு அவளோடு பால்மரம் வெட்டப் போய்விட்டேன். அதற்குமேல் கணக்குப் படிக்கவில்லை.

இப்போது புக்கிட் பெலிம்பிங்கில் மகன் வீட்டில் இருக்கிறேன். வேலியில்லை, இஞ்சின் கொட்டகையில்லை, தோட்டம் இருந்த இடமெல்லாம் செம்பனை. கடையில் விற்கும் பல்புகளைச் செத்தபின் ஆட்டிப் பார்த்தாலும் கிணுகிணுப்பதில்லை. ஒன்று போனால் இன்னொன்று போகாது, ஒவ்வொன்றுக்கும் தனி வழி என்று மகன் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறான். இருந்தாலும் வீட்டில் ஒரு விளக்கு அணைந்தால், நான் முதலில் எழுந்துபோய்ப் பார்ப்பது அதையல்ல, பக்கத்து அறையில் எரிந்துகொண்டிருப்பதை.