பெயர் கேளாமல் போட்ட ஊசி

பாலேஸ்வரி கெட்டிக்காரத் தாதி. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், பிறகு ஆளாளுக்கு அவளைக் குறைத்துப் பேசக் கூடாது. யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரி வேலை பார்த்தவள். நரம்பு பிடிபடாத குழந்தையின் கையிலும் ஒரே குத்தில் ஊசி ஏற்றுவாள். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு ரொறன்ரோவுக்கு வந்து, டோர்செட் பார்க்கில் ஒரு அப்பார்ட்மென்றில் இருந்துகொண்டு, திரும்பவும் படித்துப் பரீட்சை எழுதி, இங்கேயும் ஆர்.என். என்று தாதிப் பதிவு வாங்கினாள். புருசன் ஸ்ரீஸ்கந்தராசா பெட்டி அடுக்கும் வேலைக்குப் போகிறவன். "என்ர மனுசி ஆர்.என். தெரியுமோ?" என்று கண்டவர் நின்றவரிடமெல்லாம் சொல்லித் திரிந்தான்.

ஒரே ஒரு குறை. தன்னிலும் மூத்த தமிழரின் பெயரை அவள் வாய் சொல்லாது, கேட்கவும் கேட்காது. நம்மவர்கள் அதைக் குறை என்பார்களா? நல்ல வளர்ப்பு என்பார்கள்! ஊசி போட முதல் பெயரைச் சொல்லச் சொல்லிக் கேள், கையில் கட்டிய பட்டியைப் பார் என்று ஆஸ்பத்திரி படித்துப் படித்துச் சொன்னது. வெள்ளைக்காரரிடம் தவறாமல் கேட்பாள். தமிழர் என்றால் "அண்ணை", "அன்ரி" என்பதோடு சரி. வயதுக்கு மூத்த மனிதரிடம் போய் "நீங்கள் ஆர்?" என்று கேட்பது அவளுக்கு முகத்தில் அடிப்பது மாதிரி.

எண்பத்தாறாம் ஆண்டு தை மாதம், லீவு முடிந்து காலையில் வேலைக்கு வந்தாள். வார்டில் ஒரே அறையில் இரண்டு தமிழர் புதிதாக வந்திருந்தார்கள். "யன்னல் கட்டில் நீரிழிவு, சாப்பாட்டுக்கு முன் இன்சுலின். கதவுக் கட்டில் குடலிறக்கம், இன்றைக்கு ஒப்பரேஷன், வாயில் ஒன்றும் கொடுக்காதே" என்று இரவுத் தாதி ஒப்புக்கொடுத்துவிட்டுப் போனாள்.

இரவுத் தாதிக்குத் தெரியாத சங்கதி ஒன்று இருந்தது. நீரிழிவுக்காரர் மாமாங்கம், மட்டக்களப்பு ஆள். விடிய எழும்பிப் பார்த்தால், கதவடிக் கட்டிலில் வயதான தில்லையம்பலம் குளிரில் சுருண்டு கிடக்கிறார். ஹீற்றரோ யன்னலுக்குக் கீழே. பார்த்துக்கொண்டு படுத்திருக்க மனம் வருமா? "அண்ண, நீங்க இதில வந்து படுங்க" என்று தன் கட்டிலை அவருக்குக் கொடுத்துவிட்டார். யாருக்கும் சொல்லவில்லை. பஸ்ஸில் ஒரு பெரியவருக்கு இடம் விட்டால் அதை டிரைவரிடமா போய்ச் சொல்வோம்? பிறகு துவாயை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

பாலேஸ்வரி இன்சுலினோடு வந்தபோது, யன்னல் கட்டிலில் தலையைச் சுற்றி மப்ளர் கட்டிய ஒருவர் கம்பளிக்குள் கிடந்தார். மூக்கும் கண்ணும்தான் தெரிந்தன.

"அண்ணை, ஊசி ஒண்டு போடவேணும்."

"ஓம் பிள்ளை, போடுங்கோ."

ஒப்பரேஷனுக்கு முன் போடும் ஏதோ ஊசி என்று தில்லையம்பலம் நினைத்துக்கொண்டார். தாதி மிஸி ஊசியோடு வந்தால் ஏன், எதற்கு என்று கேட்கிற வழக்கம் நம்மிடம் எங்கே இருக்கிறது? வலது கைச் சட்டையை அவரே சுருட்டிக் காட்டினார். பெயர்ப் பட்டி இடது கையில், கம்பளிக்குள். அதை வெளியே இழுத்துப் பார்க்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஊசியை ஏற்றினாள்.

"நல்ல கை பிள்ளை, நோகவே இல்லை" என்று அவர் பாராட்டினார். அவளுக்கு அந்தக் காலை நல்லபடி தொடங்கியதாகவே பட்டது.

அவள் மற்ற அறைகளுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், வண்டில் தள்ளுகிறவன் வந்து, இடது கைப் பட்டியை வாசித்துப் பார்த்து, தில்லையம்பலத்தை ஒப்பரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோய்விட்டான். அவள் திரும்பி அந்த அறைக்குள் கால் வைத்தபோது, கதவுக் கட்டிலில் மாமாங்கம் தலை துவட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன மிஸி, எனக்கு ஊசி போடல்லியா? சாப்பாடும் வந்திற்று."

பாலேஸ்வரி யன்னல் கட்டிலைப் பார்த்தாள். அது வெறுமையாக இருந்தது. "அப்ப அதில கிடந்தவர்?" என்று கேட்டாள். கேட்கும்போதே விடை தெரிந்துவிட்டது. "அண்ணருக்குக் குளிர் எண்டு நாந்தான் மாத்தி விட்ட" என்றார் மாமாங்கம், நல்ல காரியம் செய்த முகத்தோடு.

நேற்றிரவிலிருந்து பச்சைத் தண்ணீரும் குடிக்காத மனிதருக்கு, நீரிழிவே இல்லாத மனிதருக்கு, இன்சுலினை ஏற்றியாயிற்று. இனி இரத்தத்தில் சீனி மளமளவென்று இறங்கும். மயக்க மருந்தும் கொடுத்துவிட்டால் அவர் வியர்ப்பதும் பிதற்றுவதும் யாருக்கும் பிடிபடாது. மேசையிலேயே ஆள் முடிந்துபோவார். பாவி, நானா இதைச் செய்தேன்? அவள் அறிந்து ஒருவருக்கும் அவளால் தீங்கு வந்ததில்லை.

சொன்னால் பதிவு போகும். பரீட்சை, டோர்செட் பார்க் வாடகை, ஸ்ரீஸ்கந்தராசாவின் பெருமை எல்லாம் போகும். அதுவும் மண்டைக்குள் வந்து போனது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் கால் அதற்கு முதலே ஓடத் தொடங்கிவிட்டது. லிஃப்டுக்குக் காத்து நிற்கவில்லை. படிகளில் விழுந்தடித்து இறங்கி, தியேட்டர் வாசலில் "நிறுத்துங்கோ, நிறுத்துங்கோ" என்று தமிழில் கத்தினாள். பிறகுதான் ஆங்கிலம் வந்தது.

தில்லையம்பலம் வாசலிலேயே வண்டிலில் கிடந்தார். நெற்றி முழுக்கக் குளிர்ந்த வியர்வை. கண் எங்கேயோ போயிருந்தது. டாக்டர்மார் நரம்பு வழியாகக் குளுக்கோசை ஏற்றினார்கள். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் கை மெல்லச் சூடேறும் வரைக்கும் விடவில்லை. பட்டி கட்டிய இடது கைதான் அது.

அன்று ஒப்பரேஷன் தள்ளிப் போடப்பட்டது. பின்னேரம் தலைமைத் தாதி அன்ரனெற் விசாரிக்க வந்தாள். டொமினிக்கா தீவுக்காரி, அதிகம் பேசாதவள். அந்த மாடியில் தமிழ் தெரிந்த வேறு ஆள் இல்லை. குற்றம் செய்தவளே மொழிபெயர்க்கவும் வேண்டியதாகிவிட்டது.

"ஊசிக்கு முன் இவள் உங்கள் பெயரைக் கேட்டாளா?" என்றாள் அன்ரனெற். பாலேஸ்வரி அதைத் தமிழில் சொன்னாள்.

தில்லையம்பலத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மாமாங்கம் அழாக்குறையாக வந்து சொல்லியிருந்தார்.

"கேட்டவ எண்டு சொல்லு பிள்ளை" என்றார். "கிழவன்தான் நித்திரைக் கலக்கத்தில மாறிச் சொல்லிப்போட்டான் எண்டு சொல்லு. என்னை என்ன வேலையால நிப்பாட்டவே போகினம்? பிள்ளை குட்டிக்காரி, பிழைச்சுப் போ."

கொல்லப் பார்த்தவளுக்கு அந்த மனிதர் சோறு போடப் பார்க்கிறார்! அப்படியே திருப்பிச் சொன்னால் போதும், அவள் தப்பிவிடலாம்.

"நான் கேட்டதாகச் சொல்கிறார்" என்றாள் ஆங்கிலத்தில். "நான் கேட்கவில்லை."

பதிவு போகவில்லை. ஆனால் கோடை வரும் வரைக்கும் இன்னொரு தாதி பக்கத்தில் நிற்காமல் அவள் ஒரு குளிசை கூடக் கொடுக்கக் கூடாது என்றார்கள்.

ஒப்பரேஷன் முடிந்த மறுநாள், வலி ஊசியோடு அவள் தில்லையம்பலத்திடம் வந்தாள். காவலுக்கு ஒரு சின்னத் தாதி பின்னால் நின்றாள்.

"அண்ணை, உங்கட முழுப் பேரைச் சொல்லுங்கோ."

அன்று அவள் ஆங்கிலத்தில் என்ன சொன்னாள் என்பது அதற்குள் அவர் காதுக்கும் வந்திருந்தது. அவர் முகம் சுருங்கிப்போனது. "உனக்காகப் பொய்யும் சொன்னன். என்னையே பொய்யனாக்கிப்போட்டாய். இப்ப ஆரெண்டும் கேக்கிறாய், என்ன?"

"ஓம் அண்ணை."

"தெரியாதே உனக்கு?"

"தெரியும் அண்ணை. நீங்கள் சொல்லவேணும்."

அவளுடைய கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் விழுந்தது. துடைக்கவில்லை, ஊசியையும் கீழே வைக்கவில்லை. அவருக்கு வலி தெறித்தது, பல்லைக் கடித்தார். அவள் அசையாமல் நின்றாள்.

கடைசியில் அவர் கம்பளிக்குள்ளிருந்து இடது கையை எடுத்து அவள் பக்கம் நீட்டினார்.

"தில்லையம்பலம்" என்றார்.

அவள் பட்டியை வாசித்தாள். "தில்லையம்பலம்" என்று அவர் முகத்தைப் பார்த்துத் தானும் சொல்லிவிட்டு, ஊசியைப் போட்டாள்.