பிரேக்குக்கு ஊற்றிய எண்ணெய்

எனக்குக் கல்யாணமாகி நான்காவது வருடம், அறுபதுகளின் தொடக்கத்தில், என் கணவர் ஒரு பழைய பிக்கப் வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். ராணுவத்தில் ஓடித் தேய்ந்து, ஏலத்தில் கழித்துவிட்ட வண்டி. அந்த மாதிரி வண்டிகளை எங்கள் உத்திரமேரூரில் ‘டிஸ்போசல் வண்டி’ என்பார்கள். எங்கள் நிலத்திலும் பெருநகர் என்கிற ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களிலும் விளைகிற கத்திரிக்காயையும் வெண்டைக்காயையும் ஏற்றிக்கொண்டுபோய்க் காஞ்சிபுரம் மார்க்கெட்டில் இறக்கலாம் என்பது அவர் எண்ணம்.

என் மாமியார் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து மகனைக் கேட்டார். “மாட்டுக்குன்னா வைக்கோல் போட்டு தண்ணி காட்னா போதும். இதுக்கு இன்னாத்த போடுவே?”

என் கணவர் சிரித்தார். அவருக்கும் அது சரியாகத் தெரியாது. ஓட்டக் கற்றிருந்தார், அவ்வளவுதான். எஞ்சினுக்கு ஒரு எண்ணெய், கியர் பெட்டிக்கு வேறொன்று, பிரேக்குக்கு இன்னொன்று, ரேடியேட்டருக்குத் தண்ணீர் என்று ஒவ்வொன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நான் எட்டாவது வரை படித்தவள். டின்களின்மேல் போட்டிருக்கும் நம்பரைப் படித்துச் சொல்ல என்னைக் கூப்பிடத் தொடங்கினார். மெல்ல மெல்ல அந்த வேலை முழுதும் என் தலையில் விழுந்தது. நானும் அதை இறக்கிவைக்கவில்லை.

முதல் கோடையிலேயே ரேடியேட்டர் கொதித்து நின்றது. மூடியைத் திறந்து பார்த்தால் வாய்ப்பக்கமெல்லாம் வெள்ளையாகக் காரை பிடித்திருந்தது. எங்கள் வெந்நீர் அண்டாவின் அடியில் பிடிக்கும் அதே காரை. எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அன்றிலிருந்து ரேடியேட்டருக்கு ஏரித் தண்ணீர்தான். ஒரு குடம் கொண்டுவந்து, வேட்டித் துணியில் வடிகட்டி ஊற்றுவேன். “குடிக்கக்கூட இப்டி வடிகட்ட மாட்டா,” என்று மாமியார் பக்கத்து வீட்டில் சொன்னதாகக் கேள்வி.

எஞ்சின் ஆயிலில் கடைக்காரரோடுதான் சண்டை. வேறு வண்டியில் வடித்த ஆயிலைக் கசடு நீக்கி, சில்லறையில் அளந்து விற்பார்கள். பார்த்தால் புதிது போலவே இருக்கும், விலையும் குறைவு. வேண்டாம் என்று டின் ஆயில்தான் வாங்குவோம். வண்டி சூடாக இருக்கும்போதே அடித் திருகைக் கழற்றிப் பழசை வடியவிட வேண்டும்; ஆறிவிட்டால் கசடு உள்ளேயே தங்கிவிடும். கியர் ஆயில் வெல்லப்பாகு போலக் கெட்டியாக இருக்கும். கையில் பட்டால் சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் நாற்றம் போகாது. அந்தக் கையால் சோறு பிசைந்து சாப்பிட்டு எனக்குப் பழகிவிட்டது.

பிரேக்கை மட்டும் நாங்கள் கவனிக்கவில்லை. அது பாட்டுக்குப் பிடித்துக்கொண்டிருந்தது.

ஒரு நாள் காஞ்சிபுரத்தில் சரக்கை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பும்போது, பிரேக்கை மிதித்தால் கால் உள்ளே போகிறது என்று என் கணவர் கண்டிருக்கிறார். பிரேக் ஆயில் குறைந்திருந்தது. கையில் இருந்தது எஞ்சின் ஆயில். அதை ஊற்றிவிட்டார். பிரேக்கும் பிடித்தது. வீட்டுக்கு வந்து சாதாரணமாகச் சொன்னார்.

“எண்ணெய்தானே, எதா இருந்தா இன்னா?”

அது தப்பென்று எனக்கும் அப்போது தெரியாது. அந்த வாரம் முழுதும் வண்டி ஓடியது. பிறகு ஒரு காலையில், பெட்டி நிறையக் கத்திரிக்காயோடு நாங்கள் இருவரும் பெருநகர் தாண்டிப் போகும்போது, வண்டி இழுக்க மாட்டாமல் திணறியது. யாரோ பின்னாலிருந்து பிடித்து நிறுத்துகிற மாதிரி இருந்தது. ரப்பர் கருகும் வாடை வந்தது. இறங்கிப் பார்த்தேன். முன் சக்கரத்திலிருந்து புகை வந்தது. பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் பிரேக் விடவில்லை.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அந்த வழியாக வந்த ஒரு மாட்டுவண்டிக்காரர், சுமையில்லாமல் போனதால், கத்திரிக்காய் மூட்டைகளை ஏற்றிக்கொண்டார். மார்க்கெட்டுக்கு அவை போய்ச் சேரும்போது வதங்கியிருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். சக்கரத்துக்குப் பின்னால் இருந்த சிறு திருகை ஸ்பேனரால் தளர்த்தியதும் கறுத்த எண்ணெய் பீய்ச்சி அடித்தது. சக்கரம் விட்டுக்கொடுத்தது. மற்ற மூன்றையும் அப்படியே விடுவித்தோம். காலால் மிதிக்கும் பிரேக் இல்லாமல், கை பிரேக்கை மட்டும் நம்பி, நடக்கிற வேகத்தில் வீட்டுக்கு ஓட்டிவந்தார்.

வந்ததும் கயிற்றுக் கட்டிலில் படுத்துவிட்டார்.

“வித்துடலாம் மே. இது நமக்கு ஒத்துக்காது.”

நான் மண்ணெண்ணெய் நனைத்த துணியோடு வண்டிக்குப் போனேன். பிரேக் ஆயில் ஊற்றும் கிண்ணத்தின் மூடியில் அழுக்கைத் துடைத்தபோது, இரும்பில் வார்த்த ஆங்கில எழுத்துகள் தெரிந்தன. கூட்டிக் கூட்டிப் படித்தேன். பிரேக் ஆயில் தவிர வேறெதையும் ஊற்றாதே என்றிருந்தது. இத்தனை நாளும் அது அங்கேதான் இருந்திருக்கிறது. எனக்கு அவர்மேல் வந்த கோபத்தைவிட, ஒரு மூட்டை கத்திரிக்காய்கூட இனி இப்படிப் போகக் கூடாது என்ற வீம்புதான் அதிகம்.

உள்ளே போய், “விக்க வேணாம். எல்லாத்தையும் கயட்டுங்க,” என்றேன்.

“கயட்டி?”

“ஒரு சொட்டு வுடாம கயுவணும்.”

கழற்றினார். உள்ளே கிண்ணம்போல் இருக்கும் சின்ன ரப்பர்கள் ஊறிய அப்பளம் மாதிரி உப்பி, விரலால் அழுத்தினால் பிய்ந்தன. எஞ்சின் ஆயில் பட்டதால் வந்த வினை அது. உப்பிய ரப்பர் எண்ணெய் திரும்பும் வழியை அடைத்திருந்தது. புது ரப்பர்கள் காஞ்சிபுரத்தில் கிடைத்தன. ஆனால் இரும்புப் பாகங்களிலிருந்து அந்த எண்ணெயை ஒட்ட எடுக்க ஸ்பிரிட்டில் கழுவ வேண்டும் என்று கடையில் சொன்னார்கள். மதுவிலக்கு இருந்த காலம். ஸ்பிரிட் வாங்க லைசென்ஸ் வேண்டும். அங்கே மரச் சாமானுக்குப் பாலிஷ் போடும் பட்டறைக்காரர் ஒருவரிடம் லைசென்ஸ் இருந்தது. என் கணவர் போய்க் கேட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தார்.

மறுநாள் நானே போனேன்.

“பாட்டில்ல குடுத்தா, வழியில போலீஸ் மோந்து பாத்தா நீயும் மாட்டுவே, நானும் மாட்டுவேம்மா,” என்றார் பட்டறைக்காரர்.

“நீங்க வெளிய குடுக்க வேணாம்ணே. சாமானை இங்க கொண்ணாறேன். உங்க கண்ணு முன்னாலயே கயுவிக்கினு போறேன்.”

அவர் என்னை ஒரு முறை பார்த்தார். “கொண்டா,” என்றார்.

அடுத்த நாள் பிரேக் பாகங்களைச் சாக்குப் பையில் போட்டுப் பஸ்ஸில் ஏறினேன். பை இரும்பு கனம். கண்டக்டர் காலால் தொட்டுப் பார்த்தார்.

“இன்னாமா இது? கத்திரிக்கா மாதிரி தெரியலியே.”

“பிரேக்கு.”

அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு மறுபடி திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

பட்டறை முற்றத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழுவினேன். ஸ்பிரிட் நெடி கண்ணைக் கரித்தது. துணியில் கறுப்பு ஒட்டுவது நிற்கிற வரைக்கும் விடவில்லை. திரும்பும் வழியில் பிரேக் ஆயில் வாங்கினேன். கடைக்காரர் திறந்த டின்னிலிருந்து ஊற்றித் தரப் பார்த்தார். திறந்து வைத்தால் காற்றிலிருக்கும் ஈரத்தை அது குடித்துவிடும் என்று ரப்பர் வாங்கிய இடத்தில் கேட்டிருந்தேன். “சீல் ஒடையாத டின்னு குடுங்க, இல்லாட்டி வேற கடை பாக்கறேன்,” என்றேன். உள்ளேயிருந்து எடுத்துவந்தார்.

புது ரப்பர்களைப் போட்டுப் பாகங்களை மாட்டினோம். வண்டியோடு ஓடும் குழாய்களை மட்டும் கழற்ற முடியாது. புது ஆயிலையே உள்ளே விட்டு, பழசைத் தள்ளி வெளியேற்றினோம். நல்ல ஆயில் தரையில் போவதைப் பார்த்து மாமியார் உள்ளே போய்விட்டார். பிறகு, குழாய்களுக்குள் புகுந்த காற்றை எடுக்கும் வேலை. என் கணவர் மேலே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க, நான் சக்கரத்துக்கு அடியில் படுத்துத் திருகைத் திறந்து மூட வேண்டும். மூடுவதற்குள் அவர் காலை எடுத்தால் காற்று மறுபடி உள்ளே போய்விடும்.

“அமுக்குங்க. அப்டியே புடிங்க. புடிங்க. இப்ப வுடுங்க.”

“கால் நோவுது மே.”

“நோவட்டும். அமுக்குங்க.”

திருகில் மாட்டிய ரப்பர் குழாயின் மறுமுனையைக் கண்ணாடி பாட்டிலுக்குள் விட்டிருந்தேன். குமிழி குமிழியாக வந்தது. தூரத்துப் பின் சக்கரத்தில் தொடங்கி நான்கையும் முடித்தோம். மிதித்துப் பார்த்தார், கால் இன்னும் கொஞ்சம் உள்ளே போனது. போதும் என்றார். நான் மறுபடி முதல் சக்கரத்துக்கு அடியில் போய்ப் படுத்தேன். முணுமுணுத்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தார். இரண்டாவது சுற்றில் ஓர் இடத்தில் பெரிய குமிழி ஒன்று வந்தது. அதற்குப் பின் வெறும் ஆயில்தான். மிதித்தார். பிரேக் கல்லு மாதிரி நின்றது.

காலிப் பெட்டியோடு பெருநகர் வரை போய்த் திரும்பினோம். வழியில் நான்கு சக்கரத்தையும் தொட்டுப் பார்த்தேன். எதுவும் சுடவில்லை. அதற்கடுத்த நாள் வெள்ளரிக்காய் ஏற்றினோம். ஓரிக்கைப் பக்கம் பாலாற்றுக்கு இறங்கும் சரிவில், முன்னால் ஒரு மாட்டுவண்டி நின்றிருந்தது. அவர் மிதித்தார். வண்டி எந்தப் பக்கமும் இழுக்காமல் நேராக நின்றது.

“நிக்கிது,” என்றார்.

“நிக்கணும்,” என்றேன்.

அந்த வண்டியைப் பல வருடம் வைத்திருந்தோம். எஞ்சினைப் பிரித்துச் சேர்த்திருக்கிறோம், கியர் பெட்டியை இறக்கியிருக்கிறோம். மழைக்காலம் முடிந்ததும் பிரேக் ஆயிலை முழுதாக மாற்றிவிடுவேன். ஏறிய ஈரம் அதோடு போய்விடும். மார்க்கெட்டில் மற்ற வண்டிக்காரர்கள் என் கணவரிடம் எந்த ஆயில் போடுகிறாய், எப்போது மாற்றுகிறாய் என்று கேட்பதுண்டு. நாலு பேர் முன்னால் கொஞ்சமும் கூசாமல் அவர் சொல்லும் பதில் ஒன்றுதான்.

“வூட்ல கேட்டுக்கினு வந்து சொல்றேன்.”