இருபது ரூபாய் வாரண்டு

சாம்பியன் ரீப்ஸில் ரயிலேறி தினமும் என்னோடு பெங்களூருக்கு வேலைக்கு வரும் செக்யூரிட்டி அவர். நீலச் சீருடை, சாயம் பூசிய மீசை. எதைச் சொல்வதற்கு முன்பும் அந்த மீசையைச் சின்னச் சீப்பால் ஒருமுறை வாரிக்கொள்வார்.

நூறு ரூபாய்ப் பங்கின் வாரண்டு வெறும் இருபது ரூபாய்க்குக் கிடைக்கிறதே என்று, என் பி.எஃப். பணம் முழுவதையும் அதில் போட நான் ஃபோனைத் தட்டப்போன காலை அது. எட்டிப் பார்த்தவர் மீசையை வாரினார்.

“சார், அது பங்கு இல்ல. ஜன்னல் வழியா சீட்ல போடற கர்ச்சீப். மார்ச்சுக்குள்ள இன்னும் தொண்ணூறு கட்டினாத்தான் பங்கு கைக்கு வரும். ஆக மொத்தம் இன்னா ஆச்சு?”

“நூற்றுப்பத்து” என்றேன், ஐந்தாம் வகுப்புக் குரலில்.

“மார்க்கெட்ல நூறுக்கே கீதே. மார்ச்சுக்குள்ள நூத்திப்பத்தைத் தாண்டினா உங்களுக்கு லாபம். தொண்ணூறுக்குக் கீழ போனா கர்ச்சீப்பும் போச்சு. பங்கு வாங்கினவன் மார்ச் தாண்டியும் உக்காந்துனு இருப்பான்.”

ஃபோனைப் பைக்குள் போட்டேன். இவ்வளவும் எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“இதே வாரண்டு ஐந்நூறு வெச்சினுகீறேன் சார். விக்கப் போட்டு ரெண்டு வாரமாச்சு, வாங்க ஒரு ஆள் வரல.”

வந்த ஒரே ஆள் நான்தான். என்னையும் ஏன் விரட்டினார் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.