என் வீட்டுக்காரரும் இன்னொருத்தியின் டிராகனும்

போன சனிக்கிழமை என் வீட்டுக்காரரைக் கையும் களவுமாகப் பிடித்தேன்.

இடம் குற்றாலம், ஐந்தருவிக்குப் பக்கத்து டீக்கடை. அவர் போலீஸ்காரர். சீசன் முடிகிறவரை அருவியில் கூட்டத்தை ஒழுங்குபடுத்துகிற டியூட்டி. காலை ஷிப்ட் முடிந்திருக்குமே, சேர்ந்து சாப்பிடலாமே என்று சோற்றையும் புளிக்குழம்பையும் கட்டிக்கொண்டு தென்காசியிலிருந்து பஸ் ஏறிப் போனேன். சாரலில் நனைந்துகொண்டே கடைக்குள் நுழைந்தால்... மனுஷன் செல்போனைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். என்னைக் கண்டதும் போனைக் கவிழ்த்து வைத்தார்.

கல்யாணமாகி ஒன்றரை வருஷம். இந்தக் கவிழ்ப்பை நான் பார்த்ததே இல்லை.

“என்னது அது?”

“ஒண்ணுமில்லட்டி. சும்மா.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய டியூட்டி கூட்டாளி இசக்கி, விசாரிக்காமலே வாக்குமூலம் கொடுத்துவிட்டார். “அந்த டிராகன் கதைதான் மதினி. கடையநல்லூர்ப் பிள்ளை ஒண்ணு தமிழ்ல போடுதுல்லா, அது. அண்ணன்தான் எங்க எல்லாருக்கும் லிங்க் அனுப்புனாரு.”

லிங்க் வேறு!

எவளாவது ஒருத்தியின் போட்டோவைப் பார்த்து ரசித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. ஏன் என்கிறீர்களா?

‘சாம்பல் மலை’ என்று ஒரு வெப் காமிக்ஸ். கொரியாவில் ஒருவர் வரைகிறார், புதன்கிழமைதோறும் ஆங்கிலத்தில் வருகிறது. அவரவர் மொழியில் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம் என்று அவரே அனுமதி கொடுத்திருக்கிறார். அதை முதன்முதலில் தமிழில் போட ஆரம்பித்தது யார்? நான்! கட்டம் கட்டமாக ஆங்கிலத்தை அழித்து, வசனம் இருக்கிற பலூனைத் துடைத்து, தமிழை உள்ளே உட்காரவைக்கிற வேலை. முதுகு போய்விடும். வெளியிடுவதற்கு முன்னால் முதல் வாசகர் இவர்தான். இவர் படித்துவிட்டுத் தலையாட்டினால்தான் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கும்.

நாலு மாதம் முன்பு ‘மழைத்தும்பி’ என்ற புனைபெயரில் அதே கதைக்கு இன்னொரு தமிழ் வந்தது. ஊர், கடையநல்லூர். சென்னை, கோயம்புத்தூர் என்றால் மன்னித்திருப்பேன். அரை மணி நேர பஸ் தூரத்திலிருந்து ஒருத்தி! அவள் போட்டதை நான் திறந்துகூடப் பார்த்ததில்லை. சரி, ஒரு தடவை பார்த்தேன். சரி, மூன்று.

“அப்படி என்னதான் இருக்கு அதுல? வாசிங்க, கேப்போம்.”

வாசித்தார். கதாநாயகி சோரா டிராகனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு பறக்கிறாள். டிராகன் சொல்கிறது: “ஏட்டி, அங்கன பிடிக்காத, கூசுதுல்லா. நான் சிரிச்சேன்னா கீழ இருக்க ஊரு பத்திக்கிடும்.”

இசக்கி சிரித்தார். டீ மாஸ்டர் சிரித்தார். கொடுமை என்னவென்றால், எனக்கும் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அதே இடத்தில் நான் என்ன எழுதியிருந்தேன் தெரியுமா? “அவ்விடத்தைத் தொடாதே பெண்ணே. கூச்சத்தால் நான் நகைத்தால் கீழுள்ள நகரம் தீக்கிரையாகும்.”

“ஒன் டிராகன் கல்வெட்டு வாசிக்கிற மாதிரில்லா பேசுது” என்றார் வீட்டுக்காரர், மெதுவாக.

சாப்பாட்டு டப்பாவை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

“சிரிப்பு காட்டுனா போதுமா? கதை வேண்டாமா? இப்ப அந்த கொரியாக்காரரே கதையக் கெடுத்துட்டாரு. இளவரசன் போய் சோராவை எதிரிகிட்டக் காட்டிக் கொடுப்பானா? மலை உச்சியிலருந்து அவ விழுந்தப்ப, ‘உன்னை ஒருபோதும் கைவிடமாட்டேன்’னு சொன்னவன்லா அவன்!”

நான் மட்டுமல்ல, என் வாசகர்கள் அத்தனை பேரும் இதே கோபத்தில்தான் இருந்தார்கள். அந்த வசனத்துக்காகவே இளவரசன் கட்சியில் சேர்ந்தவர்கள். ஒரு பெண் அந்தக் கட்டத்தைப் பிரிண்ட் எடுத்து ஹாஸ்டல் சுவரில் ஒட்டியிருக்கிறாள். அவர்கள் சார்பில் கதாசிரியருக்கு இரண்டு பக்கக் கண்டனம் வேறு அனுப்பியிருந்தேன்.

வீட்டுக்காரரும் இசக்கியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அத இளவரசன் சொன்னதா ஒன்னதுலதாம்ட்டி இருக்கு. அந்தப் பிள்ளை போட்டதுல டிராகன்லா சொல்லுது.”

“அந்தப் பிள்ளை தப்பாப் போட்டிருக்கும்.”

“இல்ல மதினி” என்றார் இசக்கி. “அந்த எடத்துல இளவரசன் வாயே தொறக்க மாட்டான். சும்மா நிப்பான். எங்களுக்கு அப்பவே அவன்மேல டவுட்டு.”

டப்பாவை அங்கேயே வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினேன். வீட்டுக்கு வந்ததும் ஆங்கில மூலத்தைத் திறந்தேன்.

இங்கே ஒரு தொழில் ரகசியம். ஆங்கிலத்தில் மூன்று சொல் உட்கார்ந்த பலூனில் நம் ‘ஒருபோதும் கைவிடமாட்டேன்’ உட்காராது. பலூனை இழுத்துப் பெரிதாக்குவேன். இழுக்கும்போது அதன் வால் — பேசுகிறவர் வாயைப் பார்த்து நீளுமே, அது — அழிந்துபோகும். நானே மறுபடி வரைந்துவிடுவேன். அன்றைக்கும் வரைந்திருக்கிறேன். பக்கத்தில் அழகாக நின்ற இளவரசனின் வாயைப் பார்த்து! மூலத்தில் அந்த வால் மேல்நோக்கி, மேகத்துக்குள் போகிறது. மேகத்துக்குள் டிராகனின் மூக்கு நுனி.

அடுத்து அவளுடையதைத் திறந்தேன். நாலாவது தடவை. அதே பலூன், ஒரு நூல்கூட இழுக்கப்படவில்லை. உள்ளே இரண்டே வார்த்தை: “நான் இருக்கேம்லா.”

பொறாமையில் வயிறு எரியும் என்பார்கள். எனக்குக் காது எரிந்தது. ‘இருக்கேம்லா’ என்ன அவள் கண்டுபிடித்த வார்த்தையா? நான் தினம் பத்துத் தடவை சொல்கிறேன். காய்கறிக் கடையில், அம்மாவிடம் போனில், இவருக்குக் காய்ச்சல் வந்தபோது இவரிடம். ஆனால் எழுத உட்கார்ந்தால் மட்டும் அதை வாசலில் நிறுத்திவிட்டு, எனக்குள் இருக்கிற எம்.ஏ. படித்தவள் உள்ளே வந்துவிடுகிறாள்.

வாலைச் சத்தமில்லாமல் திருத்திவிடலாம்தான். யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் அந்தக் கொரியாக்காரரை என் வாசகர்கள் திட்டிக்கொண்டே இருப்பார்களே... நான் வரைந்த வாலுக்காக.

எழுதினேன். “தவறு கதாசிரியருடையது அல்ல. வாலை மாற்றி வரைந்தது நான். அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். சரியாகப் போட்டிருப்பவர் மழைத்தும்பி, இதோ லிங்க்.” கடைசி வரியை மூன்று தடவை அடித்து, இரண்டு தடவை அழித்தேன்.

கமெண்ட்டுகள் கொட்டின. “இத்தனை மாசமா நான் உருகுனது ஒரு பறக்குற பல்லிக்கா?” என்றார் ஒருவர். ஹாஸ்டல் பெண், கிழிபட்ட இளவரசனின் போட்டோவை அனுப்பியிருந்தாள். லிங்க்கைத் தட்டிப் போன சிலர் இன்னும் திரும்பவில்லை.

பிறகு மழைத்தும்பியே வந்தாள். “அக்கா, நீங்க போட்டதப் படிச்சுத்தான் எனக்கு இந்தக் கதையே தெரியும். வால் மாறியிருந்தத அப்பவே பாத்தேன். சொன்னா வருத்தப்படுவீங்களோன்னு விட்டுட்டேன்.”

பாருங்கள், நல்ல பிள்ளை வேறு! நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாகப் பொறாமைப்பட்டிருப்பேன். எதிராளிக்குத் திறமை இருப்பதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், குணமும் இருந்தால் நாம் எங்கே போய் நிற்பது?

இந்தப் புதன்கிழமை, முதல்முறையாக என் டிராகனை எங்கள் ஊர்ப் பேச்சில் பேசவிட்டேன். அவளுடையதும் அன்றைக்கே வந்தது. டியூட்டி முடிந்து வந்தவருக்குச் சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.

“படிச்சாச்சா?”

“ரெண்டும் படிச்சேன்ட்டி. ரெண்டும் ஜோர்.”

“மொதல்ல எத?”

கை கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனவர், நான் இதை எழுதி முடிக்கிற இந்த நிமிஷம் வரை கழுவிக்கொண்டேதான் இருக்கிறார்.