தனத்தின் செடிக்கடையும் குவாரித் தண்ணீரும்

என் மூத்த மருமகள் தனம் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள். வாசலில் கார் நின்று ஹாரன் அடித்தாலும் பிடித்த வரிசையை முடித்துவிட்டுத்தான் வருவாள். இதற்காக நானே எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். தனம் இவளுக்கு அம்மா. அதனால் எங்கேயாவது புகழ்ச்சி கூடியிருந்தால் அது இவள் சேர்த்தது, நான் சொன்னதல்ல.

அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகிற ரோட்டோரம் எங்கள் இடம். முன்னால் ரோடு, பின் கோடியில் ஆழ்குழாய்க் கிணறு, நடுவில் வெறும் பொட்டல். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் விடியும் முன்பே ஓட ஆரம்பித்துவிடும். அப்படி ஒரு லாரி மோதித்தான் என் மூத்த மகன் ராஜவேல் போனான். காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கலைந்ததும், தனம் பிறந்த வீட்டுக்குப் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. கொள்ளிடக்கரைப் பக்கம் ஒரு நர்சரிக்குப் பை நிரப்பப் போனாள். செம்மண்ணையும் எருவையும் கலந்து கருப்புப் பையில் அடைக்கிற கூலி வேலை. அங்கேயே பதியம் போடவும் ஒட்டுக்கட்டவும் பழகிக்கொண்டாள்.

ஒருநாள் சாயங்காலம் மடி நிறைய ரோஜாக் குச்சிகளோடு வந்து நின்றாள்.

"ரோட்டோரத்து எடம் சும்மாத்தான கெடக்குது அத்தை?"

"கெடந்தா ஒனக்கு என்னடி?"

"செடி போட்டு விக்கலாம்னு பாக்குறேன்."

"இந்த லாரிப் புழுதியில எவன் வந்து செடி வாங்குவான்?"

"புழுதியைத் தின்னுக்கிட்டே வண்டி ஓட்டிட்டு வரவன், பச்சையா எதையாச்சும் பாத்தா நிப்பான் அத்தை."

நின்றார்கள். முதலில் லாரிக்காரர்கள், பிறகு புது வீடு கட்டுகிறவர்கள், அப்புறம் பள்ளிக்கூட வாத்தியார்கள். பச்சை வலைப் பந்தல் ஒன்று இரண்டாயிற்று. ரோஜா, மல்லி, இட்லிப்பூ, செம்பருத்தி என்று இடமே நிறைந்தது. பேத்தியைத் திருச்சிக்குப் படிக்க அனுப்பியது அந்தச் செடிகள்தான்.

என் இளைய மகன் கொளஞ்சியப்பன் டிராக்டரில் தண்ணீர் டேங்கர் ஓட்டுகிறான். அவனுக்கு ஹாலோ பிளாக் கல் போடுகிற களம் வைக்க வேண்டும் என்று ஆசை. இடம் என் பெயரில் இருக்கிறது. தை மாதம் வந்து கேட்டான்.

"அண்ணி ஒரு பக்கம் பொழைக்குது, நான் வேணாங்கல. எனக்கும் ரெண்டு புள்ள இருக்கும்மா."

அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஒவ்வொரு கோடையிலும் தனத்தின் இடத்தில் பாதி காலியாகத்தான் போகும். வெயில் தாங்காத செடிகள் போய்விடும், ஆடியில் மறுபடி நிரப்புவாள். அவளையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னேன்.

"ஆடிப்பெருக்கன்னிக்குக் காலைல நான் வந்து பாப்பேன். எங்கெங்க செடி நிக்குதோ அது தனத்துக்கு. எங்க காலியா இருக்கோ அது கொளஞ்சிக்கு. அப்புறம் ரெண்டு பேரும் ஏங்கிட்ட வந்து மூக்கு சிந்தக் கூடாது."

சொன்ன சொல்லை மாற்றுகிற பழக்கம் எனக்கு இல்லை. அது அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

அந்தச் சித்திரை மாதிரி ஒரு சித்திரையை நான் பார்த்ததில்லை. கத்திரி வெயில் தொடங்கும் முன்பே ஆழ்குழாயில் தண்ணீர் இறங்கிவிட்டது. மோட்டாரைப் போட்டால் கொஞ்ச நேரம் ஊற்றும், பிறகு வெறும் காற்றுத்தான் வரும். தனம் சாக்குகளை நனைத்துத் தொட்டிகளைச் சுற்றிக் கட்டினாள். பூத்த மொட்டுகளைக் கிள்ளி எறிந்தாள். பூ பூத்தால் செடி இளைத்துவிடுமாம். பூக்கிற செடியில் பூவைக் கிள்ளிப்போட்டு ஒரு செடிக்கடை நடக்கிறதைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. அப்படியும் ரோஜா நுனி கருக ஆரம்பித்தது.

ஒருநாள் காலையில் கொளஞ்சியப்பன் டிராக்டரைக் கொண்டுவந்து பந்தலோரம் நிறுத்தினான். டேங்கர் நிறையத் தண்ணீர்.

"ஏது தம்பி?" என்றாள் தனம்.

"கல்லு எடுத்து விட்டுட்டுப் போன பழைய குவாரிதான். நீலமா நெறஞ்சு கெடக்கு. கேக்க ஆளில்ல."

"ஒனக்கு இதுல என்ன லாபம்?"

"செடி செத்துத்தான் எனக்கு எடம் வரணும்னா அப்புடி ஒண்ணும் வாண்டாம் அண்ணி. ஹோஸைப் புடிங்க."

பெற்ற வயிறு அன்றைக்குக் கொஞ்சம் குளிர்ந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவன் தண்ணீர் கொண்டுவந்தான். சாய்ந்து கிடந்த செடியெல்லாம் நிமிர்ந்தது. நாங்கள் மூன்று பேரும் பந்தலுக்கடியில் உட்கார்ந்து டீ குடித்தோம். அந்த மாதத்தில் நாங்கள் சிரித்தது அந்த ஒரு வாரந்தான்.

முதலில் இட்லிப்பூவில்தான் தெரிந்தது. இலை வெளுத்தது; நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நின்றது. தனம் வெயில் என்று நினைத்துத் தண்ணீரைக் கூட்டினாள். ரோஜா வெளுத்தது, மல்லி வெளுத்தது. இன்னும் கூட்டினாள். ஒரு நாள் தொட்டியின் விளிம்பை நகத்தால் சுரண்டினாள். வெள்ளை அடித்த சுவர் பெயர்கிற மாதிரி பொருக்காக உதிர்ந்தது. மண்ணைக் கிளறிப் பார்த்தாள், அதன் மேலும் வெள்ளை. அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னடி?"

"சுண்ணாம்பு அத்தை. சுண்ணாம்புத் தண்ணியை ஊத்தி ஊத்தி நானே கொன்னுட்டேன்."

அவள் தொழில் கற்ற இடத்தில் ஆற்றுத் தண்ணீர். தண்ணீர் செடியைக் கெடுக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. கொளஞ்சியப்பன் வந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "மாடு குடிக்குது அண்ணி. நான் குளிக்கிறேன்."

"நீ வெளுக்கலயே தம்பி."

"நான் வெளுத்தா நல்லாத்தான் இருக்கும்."

சொல்லிவிட்டு இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குவாரித் தண்ணீரை நிறுத்தினாள். இரும்புச்சத்து மருந்து வாங்கி இலையில் அடித்தாள். சில நாளில் இலையெல்லாம் பச்சைக்குத் திரும்பியது. செடி பிழைத்தது என்றே நான் நினைத்தேன். "எல மட்டுந்தான் அத்தை. வேரு இன்னும் சுண்ணாம்புலதான் இருக்கு" என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் லப்பைக்குடிக்காட்டிலிருந்து ரஹ்மத் நிஷா என்ற அம்மா காரில் வந்து இறங்கினாள். புது வீடு கட்டியிருக்கிறார்கள், புருஷன் குவைத்திலிருந்து லீவில் வந்திருக்கிறார். பந்தலுக்குள் சுற்றிப் பார்த்தவள் கண் விரிந்துபோயிற்று.

"மாஷா அல்லாஹ், இந்த வெயில்ல இவ்வளவு பச்சையா? ரோஜா எல்லாம் குடுத்துரும்மா. இட்லிப்பூ, மல்லி எல்லாம். சாயந்தரம் வேன் அனுப்புறேன்."

பந்தலே காலியாகிற வியாபாரம். அந்தக் காசில் புதுச் செடி வாங்கி ஆடிக்குள் இடம் பூராவும் நிரப்பிவிடலாம். நான் தனத்தின் முதுகில் விரலால் குத்தினேன். அவள் அசையவில்லை.

"அக்கா, இதெல்லாம் மருந்தடிச்ச பச்சை. கொண்டு போய் வச்சா ஒங்க வூட்ல நிக்காது. ஆடி பொறந்ததும் வாங்க, நல்ல செடியாத் தரேன்."

"ஆடிக்கு அவுங்க இருக்க மாட்டாங்கம்மா. பிளைட் ஏறிருவாங்க. பூ வச்ச வூட்டைக் கண்ணால பாத்துட்டுப் போகணும்னு ஆசப்படுறாங்க."

தனம் அவளைப் பந்தலின் ஓரத்துக்குக் கூட்டிப்போனாள். புருஷன் என்ற பேச்சு வந்தாலே தனம் இளகிவிடுவாள்.

"அந்தா நிக்கிறது காகிதப்பூ. அதுக்கு இந்தச் சுண்ணாம்பு ஒண்ணும் பண்ணல. இப்பவே பூத்து நிக்குது, எடுத்துட்டுப் போங்க. மத்தது வாண்டாம்."

"காகிதப்பூவுல என்னம்மா வாசம் இருக்கு? கேட்டதைத் தர மாட்டேங்குற, கேக்காததைக் காட்டுற." முகம் சுளித்துக்கொண்டு இரண்டே இரண்டு காகிதப்பூத் தொட்டியை ஏற்றிக்கொண்டு போனாள். போகிற வழியிலேயே வேறு நர்சரியில் வேன் நிறைய ஏற்றினாள் என்று கேள்விப்பட்டோம்.

அன்றைக்கு நான் தனத்தோடு பேசவில்லை. "பைத்தியக்காரி" என்றேன், அது பேச்சில் சேராது.

ஆனியில் ரோஜாவும் மல்லியும் ஒவ்வொன்றாகப் போயின. தாங்கி நின்றவை காகிதப்பூ, அரளி, மாதுளை, சீத்தா, கொஞ்சம் வேப்பங்கன்று. எல்லாம் சேர்த்தாலும் இடத்தில் பாதி நிறையாது. அவையும் ரோட்டுப் பக்கம், கண்ணில் படுகிற மாதிரி இருந்தன. ஆடி பிறந்ததும் அவற்றைத் தூக்கித் தூக்கிப் பின் கோடிக்குக் கொண்டுபோக ஆரம்பித்தாள்.

"ஏண்டி, ரோட்டுல வுட்டா நாலு பேரு பாப்பான். பின்னாடி கொண்டு போய் ஒளிச்சு வைக்கிற?"

"நாலு பேரு பாத்தா செடி குடிக்குமா அத்தை? கொழா அங்கதான இருக்கு. இனி வேற தண்ணி நான் தொட மாட்டேன்."

புரிந்தது. என் சொல்படி ரோடு கொளஞ்சிக்கு, தண்ணீர் இவளுக்கு. ரோடு போனால் கடை போயிற்று. கல் அடுக்குக்குப் பின்னால் செடி இருப்பது யாருக்குத் தெரியும்? வழி ஏது? ஆனாலும் என் சொல்லை நான் மாற்றவில்லை. தை மாதமே வழியைப் பற்றி யோசித்திருக்க வேண்டியது அவள்.

ஆடிப்பெருக்கன்று காலையில் கொளஞ்சியப்பன் அளவுக் கயிறோடு வந்தான். நானும் போனேன். பின் கோடியில் குழாயைச் சுற்றிச் செடிகள் நெருக்கி நின்றன. அங்கிருந்து ரோடு வரைக்கும், நடுப் பொட்டலைக் கிழித்துக்கொண்டு, இரண்டு வரிசை அரளித் தொட்டி. ஒன்றன்பின் ஒன்றாக, இரண்டு வரிசைக்கும் நடுவில் ஒரு மினி வேன் போகிற அகலம். ரோட்டு முனையில் ஆளுக்கொரு பக்கம் காவல் மாதிரி இரண்டு காகிதப்பூ.

கொளஞ்சியப்பன் கயிற்றைக் கீழே போட்டான்.

"என்ன அண்ணி இது? என் எடத்தை ரெண்டாப் பொளந்துட்டீங்களே."

"அத்தை சொன்னதைத்தான் தம்பி செஞ்சேன். செடி நிக்குது."

அவன் என்னைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். சொன்னது நான். அதை நான் முழுங்க முடியுமா?

"நிக்குதுதான?" என்றேன். "அப்ப நடுவுல கெடக்கிறது வழி. வழின்னா ரெண்டு பக்கத்து வரிசையோட சேத்துத் தனத்துக்குத்தான். போடா, அளக்குறதை அள."

முணுமுணுத்துக்கொண்டேதான் அளந்தான். அவனுக்குக் கிடைத்தது வழிக்கு இந்தப் பக்கம் ஒரு துண்டு, அந்தப் பக்கம் ஒரு துண்டு. இந்தத் துண்டில் கல் போடுகிறான், அந்தத் துண்டில் அடுக்குகிறான். குவாரித் தண்ணீர் அவன் கல்லுக்கு ஒன்றும் செய்யவில்லை. டிராக்டர் வழியைக் கடக்கும்போது அரளித் தொட்டி ஒன்றிரண்டு உடைகிறது. தனம் கேட்பதில்லை, மறுநாள் வேறு தொட்டி வைக்கிறாள். அவனும் பேசுவதில்லை. ஒரே சோற்றுப் பானையிலிருந்து சாப்பிட்ட இரண்டு பேர் இப்போது பண்டிகைக்கு மட்டும் பேசிக்கொள்கிறார்கள்.

மழை இன்னும் சரியாக வரவில்லை. மோட்டார் இன்னமும் பாதியில் காற்றைத்தான் தள்ளுகிறது. சிமெண்டுத் தூசு அரளி இலையில் படிந்து கிடக்கிறது. ரோஜாவுக்குப் புதுக் குச்சி நட்டிருக்கிறாள், குழாயடியில், எண்ணிக்கை குறைவாக.

நேற்றுச் சாயங்காலம் ரோட்டு முனையில் ஒரு கார் நின்று ஹாரன் அடித்தது. காகிதப்பூவைப் பார்த்துவிட்டு நின்றிருப்பார்கள். உள்ளே வரலாமா, இது கல் களமா செடிக்கடையா என்று தெரியாமல் மறுபடி அடித்தார்கள். தனம் பூவாளியோடு வரிசையின் நடுவில் இருந்தாள். திரும்பவில்லை.

ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு அரளிகளுக்கு நடுவே நான்தான் நடந்தேன், போய்விடாமல் அவர்களை நிறுத்தி வைக்க.